நின்னானுங்க, சொன்னாங்க

அவர் முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது நான் வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மத்திய அரசின் விசாரணைத் துறையில், நகல் பிரிவில் தட்டச்சர் வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் மொழிப் பாடத்தில் முதல் வகுப்பு. என் கைக்கு வரும் காகிதம் ஒற்றுப்பிழை இல்லாமல், பேச்சு வழக்கு இல்லாமல்தான் வெளியே போகும் என்பதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

அவர் கொடுத்தது சின்னக் குறிப்பேடு ஒன்று. விரித்துப் பிடித்திருந்த பக்கத்தில் பென்சில் எழுத்து. ஓரங்கள் பழுத்திருந்தன. "இதை அப்படியே அடிச்சுக் குடுங்க தம்பி" என்றார். பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களும் அதையே பண்ணிட்டீங்களே தம்பி."

"ஏதாவது தப்பா சார்?"

"தப்பே இல்ல. நல்லா திருத்தமா இருக்கு. அதான் வம்பு."

நான் செய்தது இவ்வளவுதான். 'நின்னானுங்க' என்று இருந்ததை 'நின்றார்கள்' என்று மாற்றியிருந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவரும் அதே சொல்லை அதே மாதிரி மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்தால் ஒரு வண்டி ஓட்டுநர் அன்றைக்கும் சிறையில் இருந்தார்.

அவருக்குப் பதிவேட்டில் பெயரும் பதவியும் உண்டு, ஆய்வாளர். அலுவலகத்தில் வாயிற்காவலர் முதல் மேலதிகாரிவரை எல்லோருக்கும் அவர் 'அப்புறம் சார்'. விசாரணை அறையில் எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். ஜன்னல் பக்க நாற்காலியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் தான் உட்கார்ந்துகொள்வார். அந்த ஆள் ஏதாவது சொல்லி நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். பொய் சொல்கிறவர்களுக்கு அது தாங்காது. எங்கள் துறை வண்டி ஓட்டுநர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: "அவர்கிட்ட மாட்டுறதுக்கு நாலு அடி வாங்கிட்டுப் போயிடலாம்ப்பா. அடின்னா ஒரு இடத்துல நின்னுடும். 'அப்புறம்' எங்க நிக்குது?"

அவர் மனைவி இதை இன்னும் நன்றாகச் சொல்வார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவப் பார்க்க வந்தாரு. பொண்ணு பத்தாவது படிச்சிருக்குன்னாரு எங்கப்பா. 'அப்புறம்?'னாரு இவரு. தையல் தெரியும்னாரு. 'அப்புறம்?' கடைசியில எங்கப்பா வெலவெலத்துப் போயி, எனக்கு ஏழு வயசுல மாடு முட்டுனது வரைக்கும் ஒண்ணுவிடாம சொல்லிட்டாரு."

அவருடைய அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் சுமை தூக்கியவர். ஒருமுறை ஒரு பெட்டி காணாமல் போனபோது, அன்றைக்கு வேலையில் இருந்த ஆறு பேரைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பெட்டி வேறு ஊரில் இறங்கிக் கிடந்தது தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். கையில் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். 'மேற்படி நபரை விசாரித்ததில் இவன் குற்றமற்றவன் எனத் தெரியவருகிறது.' மகன்தான் அதை வாசித்துக் காட்டினார். அப்பா திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

"குத்தமில்லைன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாப்பா."

"அப்புறம் எதுக்குடா 'இவன்'னு போட்டிருக்கான்?"

இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரித்தார். இருபத்து நான்கு வயதில் துறையில் சேர்ந்த அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாராம். தன் கையால் எழுதுகிற வாக்குமூலத்தில் யாரும் 'அவன்' கிடையாது, 'அவள்' கிடையாது. சாட்சியானாலும் 'அவர்', குற்றவாளியானாலும் 'அவர்'. சக அதிகாரிகள் கிண்டல் செய்வார்கள். "கொள்ளைக்காரனுக்குமா சார் மரியாதை?"

"தீர்ப்பு வரட்டுங்க. அதுவரைக்கும் அவர்தான்."

"தீர்ப்பு வந்துட்டா?"

"அப்பவும் எழுதுறது என் கை தானே?"

அவர் வேலை செய்யும் முறை இது. ஆள் பேசப் பேச, பேசிய மாதிரியே சின்னக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். மறுநாள் காலையில் அதைப் பார்த்து, நல்ல எழுத்துத் தமிழில், பேனாவால், அலுவலகத் தாளில் வாக்குமூலமாக எழுதுவார். அந்தத் தாள்தான் நீதிமன்றத்துக்குப் போகும். மற்றவர்கள் குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இவர் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. ஏனென்று கேட்டால், "கிழிக்கத் தோணல" என்பார். அவர் எழுதிய வாக்குமூலங்கள் மற்ற அதிகாரிகளுக்கு மாதிரியாகக் காட்டப்பட்டன.

அவருடைய நாற்பத்தெட்டாவது வயதில் வந்தது அந்தக் காப்பக வழக்கு. பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கான காப்பகம். ஒரு மத்தியான வேளையில் அங்கிருந்து இரண்டு சின்னக் குழந்தைகள் வண்டியில் ஏற்றப்பட்டார்கள். பொய்க் காகிதங்களோடு கப்பலில் வெளிநாட்டுக்குப் போக இருந்தவர்களைத் துறைமுக வாசலில் சோதனையிட்டு மீட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர்: காப்பகத்தின் ஓட்டுநர், ஒரு புரோக்கர். புரோக்கர் வழக்கு தொடங்குவதற்கு முன்பே சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். ஓட்டுநர் சொன்னது ஒன்றுதான்: "வார்டன் அம்மா ஏத்தச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதாச் சொன்னாங்க." வார்டன் அம்மாவோ, அந்த நேரத்தில் தான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லி நீதிமன்றத்தில் அழுதார். இருபது வருடமாகக் காப்பகம் நடத்துகிற, ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற அம்மையார்.

ஆக, குழந்தைகளை ஏற்றச் சொன்னது யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதைக் காதால் கேட்டவர் ஒருவர்தான். வாசற்கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன். அப்புறம் சார் எழுதிய அவருடைய வாக்குமூலத்தில் இப்படி இருந்தது: 'ஓட்டுநரும் தரகரும் வண்டியின் அருகில் நின்றார்கள். அவர்கள் குழந்தைகளை ஏற்றச் சொன்னார்கள். நான் கதவைத் திறந்தேன்.' நீதிமன்றத்தில் அதைப் படித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க" என்றார். ஓட்டுநருக்கு இருபது வருடம். அப்புறம் சாருக்குப் பதக்கம்.

சிறையிலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். தீர்ப்பு வந்த தேதியில் எழுதியது. எல்லாக் கடிதத்திலும் ஒரே விஷயம்: 'ஐயா, வண்டி ஓட்டினது நான்தான். யாரும் சொல்லாமல் ஓட்டவில்லை.' அவர் அதைப் படிப்பார், தேதி முத்திரை குத்துவார், வழக்குக் கோப்பில் சேர்ப்பார். அப்படிப் பத்துக் கடிதங்கள்.

பத்தாவது கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். மனைவி வாசலிலேயே சொன்னார்: "இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. நீங்க எதுக்க வரல?"

"எத்தனை பேரு?"

"எத்தனை பேரா? உங்க அக்காதான், ஒத்தை ஆளு. எடைக்கு வேணா ரெண்டு பேருன்னு வெச்சுக்குங்க."

"வந்தாங்கன்னு சொன்னே?"

"பின்ன? நாத்தனாரப் போயி வந்தாள்னா சொல்லுவேன்? உங்க தம்பி பசங்க வந்திருந்தா வந்தானுங்கன்னு சொல்லியிருப்பேன். ஊர்ப்பட்ட ஜனத்த உக்காரவெச்சு விசாரிக்கிற ஆளு, இதுகூடவா தெரியாது?"

அதற்குப் பிறகு அவர் குளிக்கவில்லை என்று மனைவி சொன்னார். கழுத்தில் சுற்றிய துண்டோடு, ஒட்டிய முடியோடு, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிக் குறிப்பேட்டுப் பெட்டிகளை இறக்கினாராம். "'என்ன தேடுறீங்க, நான் எடுத்துத் தரேன்'னு கேட்டேன். அடுத்த பெட்டிய எறக்குறாரு. சரி, வெட்டுன முடிதான் உறுத்துது போலன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் கிடைத்தது. வாட்ச்மேன் பேசியபடி பென்சிலில்:

'டைவரும் புரோக்கரும் வண்டிகிட்ட நின்னானுங்க. அவங்க ஏத்தச் சொன்னாங்க. நான் கேட்டத் தொறந்துட்டேன்.'

நின்னானுங்க. சொன்னாங்க.

ஓட்டுநரை 'நின்னான்' என்கிற வாய் அடுத்த மூச்சில் அவரையே 'சொன்னாங்க' என்று சொல்லாது. நின்றவர்கள் வேறு, சொன்னவர் வேறு. சொன்னவர் ஒரே ஒருவர், வாட்ச்மேன் மரியாதை கொடுக்க வேண்டிய ஒருவர். நம்மில் எந்தக் குழந்தைக்கும் இது காதிலேயே புரியும். எங்கள் ஊரில் என் அப்பாவை 'வந்தான்' என்று சொன்ன அதே ஆட்கள், நான் பட்டம் வாங்கிய பிறகு என்னை 'வந்தாங்க' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கா தெரியாது? தெரிந்தும், நல்ல தமிழாக்குகிறேன் என்று அன்றைக்கு ஒரு விரல் தட்டில் அழித்தேன். அவர் அழித்தது மரியாதை கொடுப்பதற்காக. சுமை தூக்கியின் மகன் ஓட்டுநரை 'நின்றார்' ஆக்கினார். அந்த மரியாதையே ஓட்டுநரின் தலையில் விழுந்தது.

வாட்ச்மேன் அப்போது மகள் வீட்டில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். இவர் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பேட்டை விரித்து, உரக்கப் படித்துக் காட்டினார்.

"இதுல 'அவங்க'ன்னு சொன்னீங்களே, அது யாருங்க?"

"யாருன்னா? வார்டன் அம்மாதான். பின்ன அந்த டைவர் பயலையா நான் அவங்க இவங்கன்னு கூப்பிடப் போறேன்?"

"வார்டன் அம்மா பேரை நீங்க சொல்லவே இல்லையே."

"மொதலாளி அம்மா பேர எப்படிங்க சொல்றது? நாங்க எல்லாரும் அவங்கன்னுதான் சொல்லுவோம்."

"அன்னிக்கு ஏங்க இதச் சொல்லல?"

கிழவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "நீங்க எங்க சார் யாருன்னு கேட்டீங்க? 'அப்புறம்?'னுதானே கேட்டீங்க. அப்புறம் நடந்ததச் சொன்னேன்."

அந்த வாரத்தில்தான் அவர் என் மேசைக்கு வந்தது. அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தை உள்ளது உள்ளபடி அடித்து, தன் பிரமாண வாக்குமூலத்தோடு இணைத்து, வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கொடுப்பது அவர் எண்ணம். இரண்டாவது தடவை நான் எழுத்து மாறாமல் அடித்துக் கொடுத்தேன். மேலதிகாரி அவரை அழைத்தார். பிரதிகளோடு நானும் போயிருந்தேன். கதவு சாத்தவில்லை.

"இன்னும் ஒரு வருஷத்துல ரிட்டையர்டு ஆகப் போறீங்க" என்றார் மேலதிகாரி. "பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு முதல்ல இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அதை விடுங்க. உங்க கையால எழுதுன வாக்குமூலம் எத்தனை இருக்கும்?"

"நானூத்திப் பன்னெண்டு."

"நானூத்திப் பன்னெண்டு பேரோட வக்கீலும் நாளைக்குக் கெளம்பி வந்து, எங்காளு கேஸ்லயும் அவர் இப்படித்தான் எழுதியிருப்பாருன்னு நிப்பான். நெசமான குற்றவாளி எத்தனை பேர் வெளிய வருவான்னு யோசிச்சீங்களா? ஒரு ஆளுக்காகவாய்யா?"

"அந்த அம்மா அதுக்கு அப்புறமும் ஆறு வருஷம் அந்தக் காப்பகத்த நடத்தியிருக்காங்க சார்" என்றார் இவர். "அந்த ஆறு வருஷத்துல எத்தனை வண்டி போச்சோ, எனக்குத் தெரியாது. நான்தான் அவங்களை மாடியில தூங்க வெச்சேன்."

மேலதிகாரி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார், படித்தார், மறுபடி தள்ளிவிட்டார். "உங்க பேருல கொடுங்க. துறை பேருல வேண்டாம்."

அப்படியே கொடுத்தார். ஏழு மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் முப்பத்தைந்து வருடமாக ஏறி இறங்கிய மனிதர், அன்றைக்கு முதன்முறையாகத் தன் கோப்புக்கு எதிராக ஏறினார். துறையின் வக்கீலே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"பதினோரு வருஷம் ஆச்சு. உங்க ஞாபகம் பிசகியிருக்கலாம் இல்லையா?"

"ஞாபகத்துல இருந்து சொல்லலீங்க. நோட்டுல இருக்கு."

"பென்சில் எழுத்து. போன வாரம்கூட எழுதியிருக்கலாமே?"

"பக்கத்துக்குப் பக்கம் நம்பரும் தேதியும் போட்டிருக்கேன். முன்னும் பின்னும் வேற கேஸ் இருக்கு. பார்த்துக்குங்க."

"அப்போ நீங்க பதக்கம் வாங்கினது ஒரு தப்பான வாக்குமூலத்துக்கு. ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேங்க."

நீதிபதி, கண்டிப்பான அம்மையார், கையை உயர்த்தினார். "அந்த ரெண்டு வரியை மட்டும் படிங்க. அவர் சொன்ன மாதிரியே."

இவர் படித்தார். நின்னானுங்க. சொன்னாங்க. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவோரம் நின்ற சேவகர் நிமிர்ந்தார். பின் பெஞ்சில் வேறு வழக்குக்காகக் காத்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், "ஐயையோ, அது வேற ஆளுல்ல!" என்றார். வாய்விட்டே சொல்லிவிட்டார். நீதிபதி அவரைக் கண்டிக்கவில்லை. இத்தனை வருடமாக மூன்று நீதிமன்றங்கள் படித்த வாக்குமூலம். பேச்சாகக் கேட்டதும் அரை நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது. வாட்ச்மேனையும் ஆட்டோவில் கூட்டிவந்து கேட்டார்கள். மகள் வீட்டில் இவரிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார்: ஏற்றச் சொன்னது வார்டன் அம்மாதான்.

ஓட்டுநரை விடுவித்த நாளில் அவர் சிறை வாசலுக்குப் போனார். "போகாதீங்க, அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?" என்று மனைவி தடுத்திருக்கிறார். நான் கூடப் போனேன். காலை பத்தரை மணி. வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரமும் சிமென்ட் பெஞ்சும். பெஞ்சில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரின் மகள். அப்பாவைக் கூட்டிப்போனபோது நாலாம் வகுப்பு.

ஓட்டுநர் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் இவரைப் பார்த்துவிட்டார். நின்றார்.

"தப்பு என்னோடதுங்க" என்றார் இவர்.

"தெரியும். பத்து லெட்டர் போட்டேனே. வந்துதா?"

"வந்துது."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுமா?"

அவ்வளவுதான் கேட்டார். மகள் வந்து பையை வாங்கிக்கொண்டார். இருவரும் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். பேருந்து வந்து அவர்கள் ஏறிப் போகும்வரை இவர் நின்ற இடத்திலேயே நின்றார். திரும்பும் வழியில், "எந்தத் தண்டனைக்கும் சட்டத்துல ஒரு அளவு இருக்கு தம்பி. அவர் கேட்ட 'படிச்சுமா'வுக்கு இல்ல" என்றார்.

பதவி உயர்வு வரவில்லை. பதக்கத்தை ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். துறை அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வந்தது. நான்கு மாதத்தில் ஓய்வு பெற்றார். மேலதிகாரி பயந்த மாதிரி வக்கீல்கள் வந்தார்கள்; நானூறு பேர் இல்லை, முப்பத்தெட்டுப் பேர். அதில் பெரும்பாலான மனுக்கள் நிற்கவில்லை. வார்டன் அம்மா மீதான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. முதல் சாட்சி அப்புறம் சார்.

அவருக்கு இப்போது அறுபத்து மூன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில் மனைவியோடு இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் எங்கள் ஆவண அறைக்கு வருகிறார். நீதிமன்றமே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரு பக்கம் குறிப்பேடு, மறுபக்கம் வாக்குமூலம். இரண்டையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுகிறார். இதுவரை இருநூற்றுத் தொண்ணூறு முடிந்திருக்கிறது. இரண்டில் சந்தேகம் வந்து நீதிமன்றத்துக்கு எழுதியிருக்கிறார். அந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். மற்றவரின் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.